ஆப்பிள் ஊரில் ஒரு மாதம்

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ஹெரிபோர்டு வந்துவிடும். வேல்ஸ் எல்லையை ஒட்டிய சின்ன நகரம். வை நதி ஓடுகிறது. அங்குள்ள பழைய தேவாலயத்தில், 1300-ஆம் ஆண்டு வாக்கில் தோலில் வரைந்த உலகப் படம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில்தான் என் தங்கை குடித்தனம் நடத்துகிறாள். அவளுக்கு ஆறாவது மாதம். ஒத்தாசைக்காக நான் போய்ச் சேர்ந்தது அக்டோபரில்.

அக்டோபரில் அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஆப்பிள்தான். மரத்தடியெல்லாம் குவியல் குவியலாய்க் கிடக்கும். நாம் கடையில் வாங்குகிற பளபளப்பான பழம் இல்லை. சின்னச் சின்னதாக, கடித்தால் நாக்கு துவர்த்துப் போகிற பழம். டாபினெட், கிங்ஸ்டன் பிளாக், பாக்ஸ்வெல்ப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சாப்பிடுவதற்கல்ல, 'சைடர்' செய்வதற்கு! அமெரிக்காவில் சைடர் என்றால் பெரும்பாலும் வெறும் ஆப்பிள் சாறு. இங்கிலாந்திலோ அது புளிக்க வைத்த மது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹெரிபோர்டில் சைடருக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. குதிரை சுற்றிவர, வட்டக் கல் உருண்டு பழத்தை நசுக்கும் அந்தக் காலத்து ஆலையைப் பார்த்ததும், நம் ஊர்ச் செக்கு ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் பண்ணைக் கூலிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சைடராகவே கொடுப்பார்களாம். 1887-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலியும் கை கால் முடக்கமும் வந்ததுண்டு. சாறு பிழியும் கருவிகளில் இருந்த காரீயம் புளிப்பில் கரைந்ததுதான் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற வைத்தியர் 1767-இல் எடுத்துச் சொன்னார். பூச்சு இல்லாத பித்தளையில் புளிக் குழம்பு வைக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே மாதிரிதானே!

தங்கையின் பக்கத்து வீட்டு அம்மாள் வருஷா வருஷம் வீட்டிலேயே சைடர் செய்கிறவர். கூடமாட ஒத்தாசை செய்யப் போன எனக்குப் பொறுமையாக எல்லாம் விளக்கினார். எட்டு ஒன்பது கிலோ பழத்தைக் கழுவி, அழுகல் நீக்கி, நசுக்கிப் பிழிந்தால் ஏறக்குறைய நாலரை லிட்டர் சாறு. அதைக் குறுகிய வாய்க் கண்ணாடி ஜாடியில் ஊற்றுகிறார். காற்று வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாது என்பதற்காக மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு வளைகுழாய். காற்றுப் புகுந்தால் சைடர் வினிகராகிவிடுமாம்.

"எல்லாம் ஈஸ்ட் கையில்தான் இருக்கிறது" என்றார் அவர். பழத்தின் மேலேயே காட்டு ஈஸ்ட் உண்டு. அதை நம்பிவிட்டால் ஒரு வருஷம் அமிர்தம், மறு வருஷம் வாயில் வைக்க முடியாது. சமையல் சோடா போல எளிதில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட் வேலை செய்யும்; ஆனால் ரொட்டி வாடை அடிக்கும், சீக்கிரம் தெளியாது. ஷாம்பேன் ஈஸ்ட் சர்க்கரையை ஒட்டத் துடைத்துத் தின்றுவிடும். தித்திப்பே இருக்காது, அடியில் கெட்டியாகப் படியும். ஏல் என்ற பீர் வகைக்கு உரிய ஈஸ்ட் பழவாசனையைக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். அந்த அம்மாளுக்கு இதுதான் பிடித்தம். சர்க்கரை தீர்வதற்கு முன் பாட்டிலில் அடைத்து இறுக்கினால் பாட்டில் வெடித்துவிடும். அதனால் பாலுக்கு லாக்டோமீட்டர் போல ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்.

எனக்கு இதெல்லாம் புரியாத சங்கதி இல்லை. பனை மரத்துக் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு ஈஸ்டை வேலை செய்யவிடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷத்துச் சைடரை அந்த அம்மாள் அன்போடு இரண்டு கிளாஸில் ஊற்றி நீட்டினார். தங்கை என்னைப் பார்த்தாள்.

"வீட்டிலே செஞ்சதுதானேக்கா, பழச்சாறு மாதிரிதானே? ஒரு வாய் குடிச்சா என்ன?"

"பழச்சாறு போன வருஷமே போயிடுச்சுடி. அந்தச் சர்க்கரையெல்லாம் இப்போ சாராயம்" என்றேன்.

உண்மையும் அதுதான். எந்த ஈஸ்டைப் போட்டாலும் ருசிதான் மாறும். சர்க்கரையைச் சாராயமாக்கும் வேலை மாறாது. வீட்டுச் சைடரில் நூற்றுக்கு ஆறு பங்கு வரை சாராயம் இருப்பது சகஜம். தாய் குடிப்பது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். கர்ப்பிணிகள் மதுவை அறவே தொடாமல் இருப்பதே பத்திரம் என்று பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவர்களே 2016-இல் அறிவுறுத்தியிருக்கிறார்கள்.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "அட, எனக்கே தோன்றியிருக்க வேண்டும்" என்று சொல்லி, மறுநாள் பிழிந்த சாற்றில் நாலு பாட்டிலைத் தனியே எடுத்து வைத்தார். பச்சைச் சாற்றிலும் கிருமி இருக்கலாம் என்பதால், பாட்டில்களை 75 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்திச் சூடாக்கினார். ஈஸ்டும் செத்தது, கிருமியும் செத்தது. தங்கை ஆசை தீரக் குடித்தாள்.

நம் ஊரில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். எனவே செய்முறைக்காக நான் இதை எழுதவில்லை. 'வீட்டில் செய்தது', 'பழத்தில் செய்தது' என்று யார் எதை நீட்டினாலும், அது புளித்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதால் யாருடைய அன்பும் குறைந்துவிடாது, சகோதரிகளே!