பாவை வீடு

மணலால் வீடு கட்டி, மணலையே சோறாக்கிப் பாவைக்கு ஊட்டி மகிழும் சிறுமியரை நம் புலவர்கள் மறந்தாரல்லர். குறிஞ்சிக்கலியில் அச்சிற்றிலைக் காலாற் சிதைத்த குறும்பன் ஒருவன் வருகின்றான். நாச்சியார் திருமொழியில் ஆயர் சிறுமியர் அதனைச் சிதைக்க வேண்டாவென்று கண்ணனிடம் மன்றாடுகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென ஒரு பருவமே உண்டு. ஆயினும் ஒன்று நோக்குக. நம் சிற்றில் ஒருபொழுது நிற்பது. மாலையில் மழை வந்தாலும் மாடு வந்தாலும் போயிற்று. மேனாட்டார் செய்த பாவை வீடோ அன்னதன்று. நாற்காலி, கட்டில், நிலைக்கண்ணாடி, கிண்ணம், கரண்டி முதலிய யாவும் குறுகிய வடிவில் அதனுள்ளே நிறைந்திருக்கும்; பாட்டியிடமிருந்து பேர்த்திக்கு அது வந்துசேரும்.

அதனை வெறும் விளையாட்டுப் பொருளென்று கருதுவதும் பொருந்தாது. 1631ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டு நூரம்பர்க் நகரில் அன்னா கோபெர்லின் என்னும் மாது பெரியதொரு பாவை வீட்டைக் காட்சிக்கு வைத்து, சிறுவர் சிறுமியர் மனைவாழ்க்கை நடத்தும் முறையை அதனைக் கண்டு கற்கலாமென்று தாள் அச்சிட்டு விளம்பினார். விக்டோரியா மகாராணியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தில் இவ்வீடுகள் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களிலும் புகுந்தன. பின்னர் 1921இல் தொடங்கி 1924இல் முடிந்த மேரி அரசியாரின் பாவை வீடு இவற்றுக்கெல்லாம் முடிமணி எனலாம். புதுடில்லியைச் சமைத்த லட்யன்ஸ் என்னும் சிற்பியே அதனையும் சமைத்தார். குழாயில் நீர் வரும்; விளக்குகள் மின்சாரத்தால் எரியும்; மின்தூக்கி ஏறி இறங்கும். இன்றும் அது விண்ட்சர் அரண்மனையில் உள்ளது.

அவ்வளவு பெரிய கதை எனக்கு வேண்டுவதன்று. நான் அமைக்க முற்பட்டது, என் பாட்டியார் சிறு வயதிற் கண்ட ஒரு பாவை வீட்டை. 1950க்குப் பிற்பட்ட சில ஆண்டுகள், சேலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் என் கொள்ளுப்பாட்டி ஆயாவாக இருந்தார். அவ்வீட்டுத் துரைசானி தம் பாட்டியின் பாவை வீட்டைக் கப்பலேற்றிக் கொணர்ந்திருந்தாராம். பத்து வயதினராகிய என் பாட்டியாருக்கு நாள்தோறும் காலையில் அதனைத் துடைக்கும் வேலை. விளையாட அன்று, துடைக்க மட்டுமே. இப்போது கண்ணழுத்த நோயால் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகின்றது. போன பார்வை மீளாதென்று மருத்துவர் கூறிவிட்டார். “அந்த வூட்டை இன்னொரு தரம் பாத்துட்டா நல்லாருக்கும் கண்ணு” என்று ஒரேயொரு முறை சொன்னார். அதன்பின் கோடை விடுமுறைக்கு எனக்கு வேறு திட்டம் இருக்கவில்லை.

பாலக்கோட்டிற்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தக்காளி ஏற்றிய பழைய மரப்பெட்டிகள் கிடைத்தன. அவற்றில் நான்கைச் சேர்த்து வீடாக்கினேன். அளவு ஓர் அடிக்கு ஓர் அங்குலம். இத்தொழிலில் இதுவே பெருவழக்கு. ஏழடிக் கதவு ஏழு அங்குலமாகும்; ஒன்றரை அடி உயர நாற்காலி ஒன்றரை அங்குலமாகும். மரம் இக்கணக்குக்கு இணங்கும். துணி இணங்குவதில்லை! நெசவின் நூல் சிறுத்துக் கொடாதாகையால், எவ்வளவு மெல்லிய மல்துணியும் சாளரத்தில் தொங்காமல் விறைத்து நிற்கும். அதனைக் கஞ்சியில் நனைத்து, மடிப்பு மடிப்பாக ஊசி குத்திப் பலகையில் உலரவைத்தால்தான் திரைச்சீலை திரைச்சீலையாய் விழும். சுவர்த்தாளும் அத்தகையதே. அரை அங்குலப் பூவும் அவ்வீட்டில் அரையடிப் பூவாகிவிடும்; கடுகளவு பூவே வேண்டும். பழைய கணக்குப் புத்தகமொன்றின் உள்ளட்டையில் அத்தகைய பச்சைத் தாள் அகப்பட்டது. பூச்சி அரிக்காதிருக்கத் துத்தம் கலந்த புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன். விக்டோரியா காலத்து மெய்யான பச்சைத் தாள்கள் பலவற்றில் ஆர்செனிக் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்ததென்பதை அப்போது படித்து வியந்தேன். அழகுக்காக நஞ்சைச் சுவரில் அப்பிக்கொண்டு உறங்கியிருக்கின்றனர்.

ஏனையவற்றுக்கு எங்கள் மாவட்டமே களஞ்சியமாயிற்று. ஆறு தீப்பெட்டிகளை அடுக்க, இழுப்பறைப் பேழை ஆயிற்று. தருமபுரிப் பட்டுக்கூட்டு அங்காடிக்குச் செல்லும் உறவினர் ஒருவர் பழுதென்று ஒதுக்கிய கூடுகளைத் தந்தார். குறுக்கே வெட்டிக் கவிழ்த்தால் அவற்றைப்போல் விளக்குக் கவிகை வேறில்லை. கருங்கற் பட்டறையில் எறிந்துகிடந்த மெருகிட்ட சில்லுகள் கணப்பின் மேற்பலகையாயின. கணப்பினுள்ளே கனன்ற கரிக்குக் குன்றிமணி. குன்றியின் பருப்பும் நஞ்சே. ஆதலின் என் தங்கையின் கைக்கெட்டாதவாறு கண்ணாடி வைத்து மூடினேன். சித்திரை வெயிலில் வியர்வை சொட்டச் சொட்டக் கணப்புக் கட்டுவதைக் கண்டு அயலார் நகைத்ததில் தவறில்லை.

முதன்மையான வரவேற்பறையில்தான் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. அக்காலத்து அறைகளைப் பற்றி நூல்களிற் படித்து, இன்ன இடத்தில் இன்ன பொருளென்று நான் குறித்து வைத்திருந்தேன். பியானோ, கண்ணாடிக் கூண்டுக்குள் உலர்மலர், ஆடவர் தலைக்குப் பூசிய மக்காசர் எண்ணெய் படியாமலிருக்க நாற்காலி முதுகில் இடும் பின்னல்துணி, தொட்டிச் செடி, சித்திரங்கள். வெற்றிடம் என்பது அக்காலத்தார்க்கு வறுமையின் அடையாளமாய்த் தோன்றிற்றுப் போலும். பாட்டியாரோ அறைகளின் பெயரை அறியார். அவர் அறிந்தது ‘முப்பத்தேழு உருப்படி அறை’, ‘பதினாறு உருப்படி அறை’ என்பனவே. துடைத்தபின் ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்புவித்தாலன்றி அவர் வெளியே வருதல் இயலாது. பள்ளிக்கூடத்து வாயிலை மிதியாத அவர் எண்ணக் கற்றதே அவ்வறையில்தானாம்!

நூல்கள் பொருள்களின் பெயரைக் கூறின. பாட்டியார் கூறியவை வேறு. கடைந்தெடுத்த நாற்காலிக் காலின் வளையங்களுக்கிடையே தூசி எவ்வாறு அமரும், எந்தச் சித்திரத்தின் பின்புறம் சிலந்தி கூடு கட்டும், எதனை இடக்கையாற் பிடித்தால் கழன்று வரும் என்பவற்றையெல்லாம் எழுபது ஆண்டு கழித்தும் விரல்களால் அபிநயித்துக் காட்டினார். நிலக்கரிப் புகை சூழ்ந்த இலண்டன் வீடுகளில் இத்தனை பொருள்களும் நாள்தோறும் துடைக்கப்பட்டன என்றால் எத்தனை கைகள் வேண்டியிருக்கும்! இங்கிலாந்திலும் வேல்சிலும் 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வீட்டு வேலை செய்த பெண்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவ்வறைகளின் அலங்காரத்தைப் புகழ்ந்த நூல்களுள் நான் படித்தவை இவர்களை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. பாட்டியாரைக் கேட்டபின் எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

அச்சிறு வீட்டில் சமையற்காரி பாவை ஒன்றும், வேலைக்காரி பாவை ஒன்றும் இருந்தனவாம். ஆயா பாவை இல்லை. பருத்தித்துணியில் ஒன்று செய்து, வெள்ளைச் சேலை உடுத்தி வைக்கலாமா என்று கேட்டேன். என் உள்ளத்தில் அது ஒரு பெரிய ஈடுசெய்தலாகத் தோன்றியிருந்தது. பாட்டியார் சிரித்துவிட்டார். “எதுக்கு கண்ணு? அவ ஒருத்தி வந்தா அவளையும் சேத்துல்ல தொடைக்கணும்!”

வைகாசி இறுதியில் வேலை முடிந்தது. மாலையில் பட்டுக்கூட்டு விளக்குகளுக்குள் சிறு மின்குமிழ்களை ஏற்றி, பாட்டியாரின் முகத்திற்கு நேரே வீட்டைத் திருப்பி வைத்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தலையைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சியுள்ள பார்வைக்குள் ஒவ்வோர் அறையாகக் கொண்டுவந்து நோக்கினார். பிறகு வரவேற்பறையினுள் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைக்கத் தொடங்கினார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. முப்பத்தேழும் சரியாக இருந்தன. முந்தானையால் அறையின் தளத்தை ஒருமுறை துடைத்துவிட்டு, திரும்ப வைத்தவை பதினொன்றே: இரண்டு நாற்காலிகள், மேசை, விளக்குகள், ஒரு சித்திரம், தொட்டிச் செடி, இன்னும் சில. “இப்ப கை நுழையுது” என்றார்.

மற்ற இருபத்தாறும் அவருடைய தகரப்பெட்டியில், திருமணச் சேலைக்கு அடியில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வைக்குமாறு நான் கேட்கவில்லை. பியானோவும் அவற்றோடு போயிற்றே என்று என் தங்கை மட்டும் இன்னும் முறையிட்டுக்கொண்டிருக்கின்றாள்.