கர்க்கடகத்தில் வாங்கும் கடை

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் கோயில் குளம் ஏரி மாதிரி விரிந்து கிடக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டின் முன்னறையில் முண்டும் நேரியதும் விற்கிறார் ஓர் அம்மா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். அறையில் இரண்டு அலமாரிகள்: ஒன்றில் பாலராமபுரம் கைத்தறி, மற்றதில் விசைத்தறி.

இரண்டாவது அலமாரி எனக்கு உறுத்தியது. கைத்தறிக்காரர் என்று கேள்விப்பட்டுப் போன இடத்தில் விசைத்தறியா?

நான் இருக்கும்போதே ஒரு பெண் வந்தார். கரை ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செட்டுமுண்டுகளைக் காட்டி, விலையில் ஏன் இத்தனை வித்தியாசம் என்றார். “இது கையால நெய்தது, அது மிஷின். ரெண்டும் உடுக்கலாம். ஆனா அதைக் கைத்தறின்னு நெனச்சு வாங்கிட்டுப் போவாதீங்க.” வந்தவர் விசைத்தறியையே எடுத்தார். பில்லிலும் ‘விசைத்தறி’ என்றே எழுதிக் கொடுத்தார் அம்மா.

அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் கிடைக்கும் லாபம் கொஞ்சநஞ்சமல்ல. ஓணம் நெருங்கினால் வெளியூர் விசைத்தறித் துணியெல்லாம் பாலராமபுரம் என்ற பெயரில் விலைபோகும். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது, 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது, பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் நிற்பவர் விரலுக்கு இதெல்லாம் தெரியுமா? கரையில் மின்னும் சரிகையான கசவிலும் இதே கதைதான். அசல் கசவு, பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. மலிவான ரகத்தில் வெள்ளிக்குப் பதில் செம்பு. புதிதில் இரண்டும் ஒன்றுபோல மின்னும்; செம்பு கறுக்கச் சில வருஷமாகும். அதற்குள் யார் பில்லைத் தேடப்போகிறார்கள்?

மறுநாள் கரமனை, நேமம் வழியாகப் பாலராமபுரம் போனேன். நாகர்கோவில் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயர் தாங்கிய ஊர். அரண்மனைக்குத் துணி நெய்ய வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர்களை அழைத்து வந்து குடியமர்த்தினார்கள் என்று இங்கே சொல்கிறார்கள்.

பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பற்றி, அந்த அம்மாவுக்கு நெய்து கொடுக்கும் நெசவாளர் ஒருவர் விவரித்தார். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இருபுறமும் ஆட்கள் நின்று ஒரே சீராகத் தூரிகை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். கூடவே தேங்காய் எண்ணெயும் சேரும். வெயில் ஏறினால் இழை முறுகும், மழை தூறினால் பாவே கெடும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கைகொடுக்க வேண்டிய வேலை. இப்போது அத்தனை பேர் கிடைப்பதில்லை. இளைஞர்கள் நகரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் தறி குழித்தறி. கால் குழிக்குள், நாடா கையிலிருந்து கைக்கு. நெய்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எது உள்பக்கம் என்று பிடிபடவில்லை.

ஸ்ரீவராகத்து அம்மா விசைத்தறியும் விற்பது தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன! விக்கட்டும். கர்க்கடகத்துல யாரு முண்டு வாங்குவா? அந்தப் பணத்துலதான் எங்களுக்குத் தாறாங்க.”

கர்க்கடகம் நம் ஆடி. மழை விடாது, குழியில் ஈரம் கசியும், கஞ்சி காயாது, விற்பனையும் கிடையாது. ஓணத்துக்கான துணி தறியில் இருக்க வேண்டியதும் அந்த மாதம்தான். பெரிய வியாபாரிகள் சிலர் அப்போது விலையை அடித்து வாங்குவார்களாம். ஸ்ரீவராகத்து அம்மா மற்ற மாதத்து விலையையே கொடுக்கிறார், அதுவும் முன்பணமாக. கொள்கை பேசும் கடைகள் பல பார்த்திருக்கிறேன். ஆடியில் முன்பணம் கொடுக்கும் கடை அரிது. என் உறுத்தல் அங்கேயே போயிற்று.

ஆனால் நெசவாளர் ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் இல்லை. நூல் விலை ஏறிவிட்டது, இந்தமுறை ஜோடிக்கு ஐம்பது ரூபாய் கூட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் அம்மா.

“நேர்மையான ஆளுதான். ஆனா கூலியும் நேராகணும்லா?” என்றபடி நாடாவை எடுத்தார்.