‘டென் வேர்ட்ஸ்’ சாரிடமிருந்து ஒரு மன்னிப்பு



நெய்வேலியில் என்னிடம் படித்தவர்களுக்கு என் பட்டப்பெயர் ஞாபகம் இருக்கும். ‘டென் வேர்ட்ஸ்’ சார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். முதல் வருடமே தெரியும். தினமும் காலையில் கரும்பலகையின் வலது ஓரத்தில் பத்து ஆங்கில வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம். மறுநாள் ஒப்பிக்க வேண்டும். தவறினால் இருபது தடவை இம்போசிஷன். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், பலா சீசன் முடிகிற நேரம். என் பழைய மாணவி ஒருத்தி தன் மகளுடன் பண்ருட்டி வீட்டுக்கு வந்தாள். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இரண்டு வருடம் மருத்துவமனை அனுபவமும் உள்ளவள். இங்கிலாந்து போக ஐஈஎல்டிஎஸ் எழுதியிருக்கிறாள். அங்குள்ள நர்சிங் கவுன்சில் கேட்பது படித்தல், கேட்டல், பேசுதலில் 7. எழுத்தில் மட்டும் 6.5. மூன்றில் 7 வாங்கிவிட்டாள். எழுத்தில் 6.

“சார், ஒரு தடவை எழுதவே பதினஞ்சாயிரத்துக்கு மேல ஆவுது. ‘தானே’ புயல்ல போன முந்திரித் தோப்ப இப்பதான் திரும்பக் கொண்டாந்தோம். அத வெச்சுதான் இவ படிப்புக்குக் கடன் வாங்கினது. நீங்கதான் பாத்துக் கரையேத்தணும்” என்றாள் தாய்.

“வார்த்தைதானே? என்கிட்ட விட்டுடும்மா” என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். ப்ளெதோரா, மிரியட், யுபிக்விட்டஸ், அமீலியரேட். ஒரு நாளைக்குப் பத்து. நல்ல பெண், இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். இரண்டாம் முறை எழுதினாள். எழுத்தில் மறுபடியும் 6.

அன்று அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “பரவால்ல தாத்தா, நான் இன்னும் நல்லாப் படிச்சிருக்கணும்” என்றாள். அவள் படிக்காமலா இருந்தாள்? அவளுடைய பயிற்சிக் கட்டுரைகளை வாங்கி வைத்து ராத்திரி முழுக்கப் படித்தேன். ஒரு கட்டுரையில், விபத்தில் அடிபட்ட ஒருவரை ‘ப்ளெதோரா ஆஃப் டாக்டர்ஸ்’ காப்பாற்றியதாக எழுதியிருந்தாள். நிறைய டாக்டர்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அந்த வார்த்தைக்குள் ‘தேவைக்கு மேல்’ என்ற அர்த்தம் இருக்கிறது.

மறுநாள் கேட்டேன். “ஏன் தாத்தா, உடம்புல ரத்தம் அளவுக்கு மீறி இருந்தா, அதுக்குத்தான மெடிக்கல்ல ப்ளெதோராம்பாங்க? எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துது. நீங்க ‘ஏராளம்’னு எழுதிக் குடுத்ததால போட்டுட்டேன்.” அவள் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள். நான்தான் கெடுத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் அந்தத் தேர்வில் எழுத்துக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பதில். ஒன்று குறைந்தது 150 வார்த்தை, மற்றது 250. நான்கு அம்சங்களைப் பார்க்கிறார்கள். சொல்வளம் அதில் ஒன்று, கால் பங்கு. அதிலும் பெரிய வார்த்தையை எண்ணுவதில்லை. இடமறிந்து போட்டிருக்கிறாளா, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று தெரிந்திருக்கிறதா, இதைத்தான் பார்க்கிறார்கள்.

இது நமக்குப் புதிதா? தமிழ் ஐயா வகுப்பில் மரபுப் பிழை என்று படித்தோமே, அதேதான். குயில் கூவும், மயில் அகவும். மழை பெய்யும், காற்று வீசும். ‘காற்று பெய்தது’ என்று எழுதினால் அர்த்தம் புரியும். ஆனால் எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் புரிந்துவிடும். தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மாம்பிஞ்சு வடு, தென்னையின் பிஞ்சு குரும்பை, வாழைப்பிஞ்சு கச்சல். நம் ஊர்ப் பலாப்பிஞ்சு மூசு. பண்ருட்டிப் பிள்ளைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

அவளிடம் கேட்டேன். “தானே அடிச்ச ராத்திரி ஞாபகம் இருக்காம்மா?” 2011 டிசம்பர் 30. அப்போது அவள் சின்னப் பிள்ளை. “இருக்கு தாத்தா. கூரை பறந்துச்சு.” “மழைய இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவ?” “ஹெவி ரெய்ன்.” “காத்த?” “ஹெவி...” என்று ஆரம்பித்து நிறுத்தி, “ஸ்ட்ராங் விண்ட்” என்றாள். “அவ்வளவுதான் பாடம். காத்துக்கு ஹெவி சேராது” என்றேன்.

பழைய நோட்டை மூடிவிட்டோம். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். கல்வி சார்ந்த நூல்களில் பல துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள். அன்றாடம் புழங்கும் முதல் 2000 சொற்களைத் தெரிந்துகொண்ட பிறகு படிக்க வேண்டியவை. அதில் பகட்டான வார்த்தையே கிடையாது. எவிடென்ஸ், மெயின்டெய்ன், வேரி, சிக்னிஃபிகன்ட் மாதிரிதான். அதை வைத்துக்கொண்டோம்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல். நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே அதன் குடும்பம்: வேரி, வேரியேஷன், வேரியபிள். நடுவில் அதோடு சேரும் கூட்டாளிகள் மூன்று. கீழே அவளே எழுதும் ஒரு வாக்கியம். வார்டைப் பற்றியோ முந்திரிக் களத்தைப் பற்றியோ இருக்க வேண்டும், புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அந்தப் பக்கத்தை மூடி வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்ல வேண்டும். வாரம் இரண்டு கட்டுரை, கடிகாரம் வைத்து.

இதைச் செய்தபோது எனக்கு நம் நெய்வேலி வகுப்புதான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் ‘ஓவர்பர்டன்’ என்று எழுதி, எதிரே ‘அளவுக்கு மீறிச் சுமை ஏற்று’ என்று போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், அது மேல்மண்ணு சார். நிலக்கரிக்கு மேல கிடக்கிற மண்ணு. எங்கப்பா ஷிஃப்ட்ல அதத்தான் வெட்டுறாரு” என்றான். வகுப்பே சிரித்தது. நான், “உக்காருடா” என்றேன். அவன் சொன்னது முற்றிலும் சரி. சுரங்கத்துக்காரர்களின் சொல் அது. லிக்னைட், அக்விஃபர், எக்ஸ்கவேட்டர், கன்வேயர் எல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் புழங்கிய வார்த்தைகள். லிக்னைட்டின் வேர் ‘மரம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். அக்விஃபர் என்றால் நீர் தாங்கி. இவற்றிலிருந்து ஆரம்பித்திருந்தால் எத்தனை சொற்களுக்குக் கதவு திறந்திருக்கும்! நீங்கள் கொண்டுவந்த சொத்தை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, என் நோட்டை உங்கள் தலையில் ஏற்றினேன். ஓவர்பர்டனுக்கு நான் எழுதிய அர்த்தமும் அந்த வகையில் சரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பையன் தாத்தாவின் காரியத்துக்காக லீவ் லெட்டர் எழுதினான். ‘என் தாத்தாவின் டிமைஸ் வரும் வியாழக்கிழமை நடைபெற உள்ளது’ என்று ஆங்கிலத்தில். ஆசிரியர் அறையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன். டிமைஸ் என்பது அந்த வாரம் நான் கரும்பலகையில் எழுதிய வார்த்தை. எதிரே ‘மரணம்’ என்று போட்டதோடு என் வேலை முடிந்துவிட்டது. அதை எங்கே, எப்படி வைப்பது என்று நான் சொல்லித் தரவில்லை. தாத்தாவை இழந்துவிட்டு நின்ற பிள்ளை அவன். அவன் இதைப் படித்தால், தம்பி, தப்பு உன்னுடையது இல்லை.

போன மாதம் அந்தப் பெண்ணின் மூன்றாவது ரிசல்ட் வந்தது. மற்ற மூன்றும் 7. எழுத்து 6.5. ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் வந்தார்கள். “தாத்தா, இந்தத் தடவை ப்ளெதோரா எங்கயுமே போடல” என்றாள். அந்தப் பழத்தைப் பகிர்ந்து கொடுக்கத் தெருவில் நாலு வீடு போதவில்லை.

உங்கள் பிள்ளைகள் யாராவது இந்த மாதிரித் தேர்வுக்குப் படித்தால், அவள் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் நம் பிள்ளைகள் அவளோடு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போனில் பேசினால் உதவியாக இருக்கும். அடுத்து நேர்முகத் தேர்வு இருக்கிறது.

இம்போசிஷன் எழுதிய எல்லோருக்கும், தாமதமாக, என் மன்னிப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ‘டென் வேர்ட்ஸ்’ சார், பண்ருட்டி