நாளைக் காலை ஜீப் வருமா?

உரை எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் முதல் வரிக்காகவே பாதி இரவைச் செலவழிக்கிறோம். நெருக்கடிக் காலத்து உரைக்கு அது வீண் வேலை. நாடே பயந்திருக்கையில் முதல் வரியை எப்படியும் கேட்பார்கள். கேட்டு முடித்தவர் எழுந்து என்ன செய்கிறார் என்பதுதான் கணக்கு. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி ஆற்றிய கொரோனா ஊரடங்கு உரையை, நியூட்ரினோ திட்டத்தால் வெளியூருக்குப் பெயர் தெரிந்த தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் உட்கார்ந்து கேட்பதாக வைத்துக்கொள்வோம். போடிப் பக்கத்து ஊர்களில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர்கள் ஏராளம். வீட்டு வாசலில் லட்சுமணன் கோடு, 21 நாள் தாண்டாதீர்கள் என்றார் பிரதமர். தொழில் கண்ணோடு பார்த்தால் அருமையான படிமம். சீதை கதை தெரிந்த யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஆனால் ஊரடங்குக்கு மிச்சமிருந்தது நான்கு மணி நேரம். நாளைக்கு ஜீப் உண்டா, கூலிக்கு வழி என்ன, தோட்டத்திலேயே தங்கியிருப்பவர் இறங்கி வரலாமா? ஏழைகளுக்கான உதவித் திட்டத்தை நிதியமைச்சர் அறிவித்தது 26-ஆம் தேதி. மக்கள் பட்ட சிரமத்துக்காக 29-ஆம் தேதி வானொலியில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். வேலை சொல்லாத வரி எதுவாகவும் திரிந்துவிடும். 1962 நவம்பரில், சீனப் போரில் பொம்திலா வீழ்ந்ததும் அசாம் மக்களை எண்ணி மனம் உருகிப் பேசினார் நேரு. கையறு நிலையில் வந்த உண்மையான இரக்கம்தான் அது. அசாமில் அதை விடைபெறுதலாகக் கேட்டார்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. 1965-இல் பிரதமர் சாஸ்திரி செய்தது வேறு. பாகிஸ்தானுடன் போர் ஒருபக்கம், அமெரிக்கக் கோதுமை எப்போது நிற்குமோ என்ற கவலை மறுபக்கம். திங்கட்கிழமை இரவு ஒருவேளைச் சோற்றை விடுங்கள் என்று கேட்டார். கிழமை உண்டு, வேளை உண்டு, யாரும் செய்யக்கூடியதும்கூட.

விவரமெல்லாம் அரசாணையில் வரும், தலைவர் தைரியம் சொன்னால் போதும் என்பார்கள், சர்ச்சிலைக் காட்டுவார்கள். 1940 ஜூன் 4 அன்று அவர் பேசியது நாடாளுமன்றத்தில். அன்றிரவு வானொலியில் அதன் பகுதிகளை வாசித்தவர் செய்தி அறிவிப்பாளர். சர்ச்சிலின் குரலில் நாம் கேட்கும் பதிவு 1949-இல் எடுத்தது. ஆகவே கணீர்க் குரல் மக்களைத் தூக்கி நிறுத்தியது என்ற கதை அப்படியே நிற்காது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து தப்பி வந்ததை வெற்றி என எண்ணாதீர்கள் என்று கெட்ட சேதியை முதலில் போட்டு உடைத்தார், வீரவசனம் அதன்பிறகு. அரசாணை வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டுதான், எல்லாவற்றையும் உரையில் அடைக்க முடியாது. ஆனால் உரை முதலில் வந்து ஆணை பிறகு வரும்போது, இடைவெளியை வதந்தி நிரப்பும். அந்த இடைவெளியை அடைக்க உரையில் இரண்டு வாக்கியம் ஒதுக்கினால் போதும்.

யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பது இதைவிடச் சிக்கல். அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் மாலைதோறும் செய்தியாளர்களைச் சந்தித்துப் பேசினார். வெளிமாநிலத் தொழிலாளருக்குக் கேரள அரசு வைத்திருந்த பெயர் ‘அதிதி தொழிலாளி’, விருந்தாளி. ஒரே சொல்லில் மரியாதையும் பொறுப்பும் வந்துவிடுகின்றன. ஆனால் காலையில் மலையேறி இரவு பொட்டிபுரத்தில் படுக்கிறவர் கேரளத்தில் தங்கும் விருந்தாளியும் அல்ல, சொந்த ஊரில் வேலை பார்ப்பவரும் அல்ல. அவரை என்ன சொல்லி விளிப்பது?