முன்வாசலுக்குக் கோங்கு வை

தொண்டாமுத்தூர்
மாசி 22

அன்பு அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. இங்கே வாழை தார் போட்டிருக்கிறது. யானை இன்னும் இந்தப் பக்கம் இறங்கவில்லை.

காங்கயத்துப் புது வீட்டு முன்வாசலில் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். கோங்கு வை. நர்சரிகளில் லேசில் கிடைக்காது; ஆனால் நம்ம மலையடிவாரக் காட்டு மரம்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் இதுவும் ஒன்று.

நம் வடக்கு வேலியோரத்து மரத்தில் இப்போது மருந்துக்கும் இலை இல்லை, கிளை நுனியெல்லாம் பூ. உள்ளங்கை அகலம், ஐந்து இதழ், பளீரென்ற மஞ்சள். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் சும்மா உதிராது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உர்ரென்று அதிர்த்தால்தான் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகக் கொட்டும். காலையில் மரத்தடியில் நின்றால் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். மறைக்க இலை இல்லாததால் வண்டுக்கும் நமக்கும் தூரத்திலிருந்தே பூ தெரிகிறது.

மார்கழி, தையில் மரம் மொட்டையாக நிற்கும். பட்டுப்போச்சு என்று யார் சொன்னாலும் வெட்ட விடாதே. சிறு கிளையை நகத்தால் சுரண்டிப் பார், உள்ளே பச்சை இருக்கும். பாவம் என்று தண்ணீரும் விடாதே. காய்ச்சலில் நின்று பூத்துப் பழகிய மரம் அது.

காங்கயத்துச் செம்மண் சரளை இதற்குத் தோதான மண். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதனால் மேட்டுப் பக்கமாக, சுவரை விட்டுத் தள்ளி வை. முதல் வருடம் மட்டும் தண்ணீர் கொடு, அப்புறம் சொட்டுநீர்க் குழாயை எடுத்துவிடலாம். ஒன்று மட்டும் மனதில் வை: கோடையில் இது நிழல் தராது. மாப்பிள்ளை கார் நிறுத்தும் இடத்துக்கு வேம்போ புங்கனோ தனியாக வைத்துக்கொள்.

கோடை முடிவதற்குள் காய் வெடித்துப் பஞ்சோடு விதை வரும். விதை ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு விதைத்தால்தான் முளைக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆடி நோம்பிக்குக் குழந்தைகளோடு வா, நாற்று எடுத்துப் போகலாம். அதுவரை அந்த இடத்தில் வேறு எதையும் நட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா