ஒழுகும் இடமும் நுழையும் இடமும்



டிப்ளமோ சிவில் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் மட்டும் தளம் ஒழுகவே கூடாது. ஒழுகினால் மழையை விட வசவு அதிகமாகக் கொட்டும். "மூணு வருஷமா கட்டடம் கட்டப் படிக்கிற, ஒரு ஓட்டைய அடைக்கத் தெரியலியா?" என்பது என் அப்பாவின் கேள்வி. நம்மில் பலர் வீட்டிலும் இதே கேள்விதான் என்று நினைக்கிறேன்!

எங்கள் வீடு கச்சிராயபாளையம் பக்கம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. சுமார் 20 வருடத்துக்கு முன் போட்ட கான்கிரீட் தளம். அதற்கு மேல், நம் பாடப் புத்தகம் வெதரிங் கோர்ஸ் என்று சொல்லும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம். அதன் மேல் தட்டோடு. மழைத்தண்ணீர் வடிய கிழக்குப் பக்கம் வாட்டம்.

கூடத்தின் கிழக்குப் பாதியில், ஃபேன் கொக்கி அருகில்தான் சொட்டும். கீழே பாட்டியின் கட்டில். மூன்று முறை வைத்தியம் பார்த்தாயிற்று. முதலில் சிமெண்ட் பால், பிறகு தார், அப்புறம் வெள்ளைப் பெயிண்ட். மூன்றுமே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே! பணம் போயிற்று, சொட்டு போகவில்லை. இதற்குள் கொக்கியைச் சுற்றிக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிய ஆரம்பித்தது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகி, சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். அதைப் பாட்டியின் தலைக்கு மேல் பார்ப்பது வேறு விஷயம்.

மேல் தளம் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடுவது என்று அப்பா முடிவு செய்தார். அதற்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போக வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். "தை, மாசி வரைக்கும் பொறுங்கப்பா" என்று கேட்டு வாங்கினேன்.

2024 ஆவணியில் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மழை தொடங்கிய நேரம், சொட்டு தொடங்கிய நேரம், காற்று வந்த திசை. அவ்வளவுதான். சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டி, மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கிற மழைக்கெல்லாம் சொட்டியது. அதுவும் மழை பிடித்து இரண்டு மணி நேரம் கழித்து. ஐப்பசியில் கிழக்கிலிருந்து வந்த மழைக்கு ஒரு சொட்டு கூட இல்லை!

பிறகு ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. எங்கள் வீட்டில் விடிய விடியச் சொட்டியது. "கெழக்கு மழைக்கு ஒழுகாதுன்னியே?" என்றார் அப்பா. நோட்டைக் காட்டினேன். புயல் நமக்குக் கிழக்கே நின்று இடமாகச் சுழன்றதால், காற்று எங்களுக்கு வடமேற்கிலிருந்து வீசியது. ஆக, தண்ணீர் நுழையும் இடம் மேற்குக் கைப்பிடிச் சுவர் பக்கம் என்று சந்தேகம் வலுத்தது.

மாசியில் சோதனை. மாடியைக் களிமண் வரப்பால் மூன்று பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர் கட்டினேன். 2 அங்குலத்துக்கு மேல் கட்டாதீர்கள். அதற்கே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். கிழக்குப் பாத்தி ஒரு நாள் நின்றது, சொட்டவில்லை. நடுப் பாத்தியும் அப்படியே. மேற்குப் பாத்தியில் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வரப்புக் கட்டினேன். அப்போதும் இல்லை. கடைசியாகச் சுவரின் அடியில் மட்டும் குடம் குடமாக ஊற்றினேன். சாயங்காலம் கொக்கியில் முத்து கட்டியது!

பார்க்க வந்த மேஸ்திரி சொன்னார்: "தண்ணிக்கு நேர் வழி தெரியாது தம்பி, வாட்டம்தான் தெரியும்."

சுவரடிப் பூச்சைக் கொத்தியதும் காரணம் தெரிந்தது. 30 அடி நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். செங்கல் சுவர் அதில் பாதிதான் நீளும். வெயிலில் நீண்டு, இரவில் சுருங்கி, இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோல் விரிசல். அதில் இறங்கிய தண்ணீர் ஜல்லித் தளத்துக்கு அடியிலேயே கிழக்கே நடந்து, கொக்கித் துளையில் எட்டிப் பார்த்திருக்கிறது. வெள்ளிமலையில் பெய்த மழையை நாம் கோமுகி அணையில் பார்ப்பதில்லையா, அது மாதிரி!

சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலம் மட்டும் பெயர்த்தோம். செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. கல்வராயன் மலைக் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊற வைத்த தண்ணீரைத் தெளித்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார் மேஸ்திரி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல இழுத்துக் கல்லாகும். நுண்ணிய விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் தளங்களிலும் இந்தச் சுண்ணாம்பு ஜல்லிதான். பிறகு சுவரில் காடி வெட்டி, பூச்சை அதற்குள் செருகி, மூலையை வளைவாக இழுத்தோம். கொக்கித் துளையைத் தொடவே இல்லை. வெளியே வரும் வழியை முதலில் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்னும். ஈரம் முழுக்கக் காய்ந்த பின், துருவைச் சுரண்டிக் கடைசியில்தான் பூசினோம்.

செலவு 6,000 ரூபாய்க்குள். செயின் அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது. 2025 ஆடி, ஆவணி மலை மழை முழுவதும் பாட்டி நிம்மதியாகத் தூங்கினார்.

நண்பர்களே! தளம் ஒழுகினால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடாதீர்கள். முதலில் கடிகாரத்தையும் காற்றையும் வாட்டத்தையும் பாருங்கள். சிமெண்ட் மூட்டை அதற்கப்புறம். ஆனால் ஒரு எச்சரிக்கை: கண்டுபிடித்துவிட்டால் வசவு நிற்கும், வேலை நிற்காது. "எம் பையன் பார்ப்பான்" என்று அப்பா இப்போது தெருவில் மூன்று வீட்டு மாடிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்!