எண்டாவ் ஆற்றில் விழும் பழம்

மலேசியாவின் குளுவாங்கிலிருந்து கிழக்கே காஹாங் வரை நல்ல தார்ச்சாலை. அங்கிருந்து எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜோகூர் பக்க வாசலான கம்போங் பேத்தாவுக்கு 56 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்பாதை, ஜீப்தான் தாங்கும். வழியெங்கும் மணிக்கணக்கில் செம்பனை. அது முடிந்து காடு எழும் இடத்தில் ஜாக்குன் பழங்குடி மக்களின் கிராமமும் எண்டாவ் ஆறும் வருகின்றன. 1977இல் பகாங் அரசு இந்தக் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு அதை நிறுத்தியது. 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் நடத்திய அறிவியல் பயணம் இதன் செல்வத்தை ஊரறியச் செய்தது. 1993இல் ஜோகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் ஏறியது. ஆற்றில் கெலா, செபாராவ் மீன்கள் இன்றும் இருப்பதற்கு அந்த எதிர்ப்புதான் காரணம். ஜோகூரில் ஃபிளை தூண்டில் பழகுகிறவர்கள் கெலாவைத் தேடி வரும் பாதையும் இதுவே. அவர்கள் கட்டும் ஃபிளையே அவர்களைக் கரையோர மரத்துக்குக் கடன்பட்டவர்களாக்குகிறது என்பது என் கருத்து.

முள்ளில் இறகும் நூலும் மயிரும் சுற்றி, மீனுக்கு இரைபோலத் தோன்றச் செய்யும் பொய்யிரைதான் ஃபிளை. அதற்கு எடை அநேகமாகக் கிடையாது. கனத்த நூலின் எடைதான் அதைத் தூக்கிச் செல்கிறது. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெதோனிய ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் இக்கலை பிரிட்டனில் வளர்ந்தபோது அதன் பசி நம் மலைகளையும் தொட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகுகள் சால்மன் ஃபிளைகளுக்காகக் கப்பலேறின. அந்த ஏற்றுமதியை இந்தியா பின்னாளில் தடைசெய்ய வேண்டியிருந்தது. நீலகிரியில் இன்னொன்றும் நடந்தது. கையிலிருந்த ஃபிளைக்கு ஏற்ற மீன் அந்த ஓடைகளில் இல்லை என்பதால் கடல் கடந்து ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஃபிளைக்காக ஆற்றை மாற்றினார்கள். ஜோகூரில் கெலாவைத் தேடுகிறவர் ஆற்றுக்காக ஃபிளையை மாற்றிக்கொள்கிறார். இதை நான் பெரிய முன்னேற்றமாகவே மதிக்கிறேன்.

கெலா பழம் தின்னும் மீன். கரையில் சாய்ந்து நிற்கும் அத்தி வகைகளின் பழம் நீரில் விழும் ஓசை கேட்டே அது வருகிறது. ஆகவே இங்கே கட்டப்படும் ஃபிளைகளில் பூச்சியைவிடப் பழமே பேசப்படுகிறது. நுரைத்தகட்டையோ மான்மயிரையோ உருண்டையாகச் செதுக்கி, அடியில் செம்மஞ்சளும் நுனியில் கருமையுமாகச் செம்பனைப் பழத்தின் நிறத்தைக் கொடுக்கிறார்கள். ‘தொப்’ என்று விழுந்தால்தான் அது பழம். பின்புறம் மரம் அடைத்துக்கொண்டு நிற்பதால் நூலைப் பின்னே வீச இடமிருக்காது. நீரின் மேலேயே உருட்டி எறிய வேண்டும். அசல் பழத்தையே முள்ளில் குத்தினால் இன்னும் எளிதாயிற்றே என்று கேட்பார்கள். எளிதுதான். ஆனால் கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. அசல் பழத்தை நசுக்கக் கெலா அதைத் தொண்டைவரை கொண்டுபோகும். முள்ளும் கூடவே போகும். பொய்ப்பழத்தை அது நொடியில் துப்பிவிடும் என்பதால் தூண்டில்காரர் உடனே இழுத்தாக வேண்டும். முள் பெரும்பாலும் உதட்டில் நிற்கும். திருப்பி விடுகிற மீன் பிழைக்க வேண்டுமானால் இந்த வித்தியாசம் முக்கியம்.

திருப்பி விட்டாலும் சில மீன்கள் சாகத்தானே செய்யும்? சாகும். வெப்பமண்டல நீரில் பிராணவாயு குறைவு. நெடுநேரம் இழுத்துக் களைக்கவைத்த மீன் மீள்வது கடினம். எதிர்முனை இல்லாத முள், குறுகிய போராட்டம், மீனை நீரைவிட்டுத் தூக்காமலே விடுவது, நீர் வற்றிச் சூடேறிய நாளில் தூண்டிலைப் பிரிக்காமலே இருப்பது: இவை சேதத்தைக் குறைக்கும், இல்லாமலாக்காது. இருந்தும் தூண்டில்காரர்களை ஆற்றிலிருந்து விலக்குவதை நான் ஏற்கவில்லை. காவிரியின் காலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை அவர்கள் போன்றோர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டுதான், கூன்முதுகு மஹசீர் அருகிவர நீலத்துடுப்பு மஹசீர் பெருகியதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கெலாவின் நெருங்கிய உறவான அந்தக் கூன்முதுகு மீன் 2018இல் மிக ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றோரம் நிற்பவர் எழுதிவைக்காவிட்டால் அந்த இழப்பு இன்னும் நெடுங்காலம் தெரியாமலே போயிருக்கும்.

செம்பனைப் பழத்தையும் மீன் விரும்பித் தின்கிறதே, காடு போனால் என்ன என்பது இன்னொரு கேள்வி. தோட்ட வேலை தெரிந்த நம்மவர்களுக்கு இதன் விடை தெரியும். பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை குலை வெட்டப்படுகிறது. உதிரிப்பழமும் பொறுக்கி மூட்டையாகி ஆலைக்குப் போகிறது. ஆற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அத்தியை யாரும் அறுவடை செய்வதில்லை. ஒவ்வொரு மரமும் வெவ்வேறு காலத்தில் பழுப்பதால் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு மரத்தடியில் மீனுக்கு இரை இருக்கும். நிழல் நீரைக் குளிர்விக்கும், வேர் கரையைப் பிடிக்கும். மலேசியாவின் வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று ஒதுக்குநிலத்துக்கு அளவே வகுத்திருக்கிறது: 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர், 5 மீட்டருக்கும் குறுகிய ஓடைக்கு 5 மீட்டர். தூண்டில்காரர்கள் மீன்குஞ்சு விடச்சொல்லிக் கேட்பதைவிட இந்த அளவைக் கேட்டு நிற்கலாம். நிலம் நட்டமாகுமே என்று தோட்ட நிர்வாகம் சொல்லும். ஆனால் செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கொரு முறை வெட்டி மறுநடவு செய்தே ஆக வேண்டும். அந்த முறை கரையோர வரிசைகளை மட்டும் நடாமல் விட்டாலே தொடக்கத்துக்குப் போதும். அருகில் காடு மிஞ்சியிருக்கும் இடங்களில் அத்தி விதையைப் பறவையும் வௌவாலும் கொண்டுவந்து போடும்.